மன்னிப்பும் வடுவும்



பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்தோல் அறுபட்டுப் போகும். அதைத்தான் 'மரத்தில் காயம் போட்டுவிட்டான்' என்று சொல்லுவோம். மரம் செத்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் காயம் பட்ட இடம் வழவழப்பாக இராது. முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போய் நிற்கும். பத்து ஆண்டுக்குப் பிறகு வேறொருவர் அதே நிரைக்கு வந்தாலும், கத்தி அந்த இடத்தில் இடறும்.

இன்றைய பேச்சின் பொருளும் இதுபோன்றதுதான். மனிதன் செய்த பாவத்தைக் கடவுள் மன்னிக்கிறார் என்று கிறிஸ்தவ சமயம் போதிக்கிறது. அப்படியானால், மன்னிப்புக் கிடைத்த பிறகும் பாவத்தின் விளைவுகள் ஏன் நம்மை விட்டுப் போவதில்லை? இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்று, பழைய தவறு ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் எவரும் கேட்கக்கூடும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம்

கெடா மாநிலத்தில், பீடோங் பக்கமோ பாடாங் செராய் பக்கமோ, ஒரு தோட்டத்தில் ஒரு தகப்பனார் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனால் இவரைப் போன்றவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். சம்பள நாளன்று கையில் வந்த வெள்ளி வீடு வந்து சேருமுன் கள்ளுக்கடைக்கும் சம்சுக்கும் போய்விடும். மூத்த மகள் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தாள். ஆறாம் ஆண்டு முடிந்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போகவேண்டிய நேரம். பஸ் காசுக்கும் சட்டைக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் பணமில்லை. அந்தப் பெண் பள்ளியை விட்டுவிட்டு, அம்மாவோடு மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போனாள்.

பிறகு அந்த மனிதர் திருந்தினார். குடியை விட்டார். கோயிலுக்குப் போய்ப் பாவத்தை அறிக்கையிட்டார். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் அவருடைய ஈரல் கெட்டுவிட்டது. மகளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாள். அதைக் காணும்போதெல்லாம் கிழவருக்கு நெஞ்சு பிளக்கிறது. 'கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்கிறார்களே, பிறகு இது ஏன் இப்படியே இருக்கிறது?' என்று கேட்கிறார்.

அக்கம் பக்கத்தார் மூன்று விதமாகப் பதில் சொல்லுவார்கள். 'கடவுள் இன்னும் உன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்' என்பார் ஒருவர். 'உண்மையாக மனம் திரும்பியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்; உன் விசுவாசம் போதாது' என்பார் இன்னொருவர். 'நடந்தது நடந்துபோயிற்று, கடவுளே மன்னித்தபின் அதை ஏன் கிளறுகிறாய்?' என்பார் மூன்றாமவர். கிறிஸ்தவ வேதத்தைப் பொறுமையாகப் படித்தால், இம்மூன்றுமே சரியான பதில் இல்லை என்று தெரியவரும்.

குற்றம் வேறு, சேதம் வேறு

பாவத்தில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று குற்றம். அது கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே எழும்பிய சுவர். மற்றொன்று சேதம். அது இந்த உலகத்தில், உடம்பிலும் குடும்பத்திலும் பிறர் வாழ்விலும் நேர்ந்த அழிவு. மன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது. சேதம் அந்தக் கணத்திலேயே மறைந்துவிடும் என்று வேதம் எங்கும் வாக்களிக்கவில்லை.

தாவீது அரசனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 11, 12ஆம் அதிகாரங்களில் அது வருகிறது. தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாவைத் தாவீது அபகரித்தான். அதை மறைப்பதற்காக உரியாவைப் போர்முனையில் சாகும்படி நிறுத்தினான். நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்லி, அரசனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே உணர்த்தினார். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். கடவுள் அவன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று நாத்தான் உடனே அறிவித்தார். ஆனால் அதே மூச்சில், அவன் வீட்டில் வன்முறை நீங்காது என்றும் சொன்னார். பிறந்த குழந்தை இறந்தது. பின்னாளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றார்கள். அப்சலோம் தகப்பனுக்கு எதிராகவே படை திரட்டினான். உரியா ஒருபோதும் திரும்பி வரவில்லை.

அந்தக் குழந்தையின் மரணம் படிப்பவர் எவருக்கும் கடினமான பகுதி. அந்தச் சிசு ஒரு பாவமும் அறியாதது. அதனால் இங்கே இன்னொரு வசனப் பகுதியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எசேக்கியேல் தீர்க்கதரிசி 18ஆம் அதிகாரத்தில் தெளிவாகப் போதிப்பது என்னவென்றால், தகப்பன் செய்த குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்பதே. அப்படியென்றால், பிள்ளைகள் தகப்பனின் குற்றத்துக்கு வாரிசு அல்லர். ஆனால் தகப்பன் உண்டாக்கிய சேதத்துக்கு அவர்கள் பல நேரம் வாரிசாகிவிடுகிறார்கள். நம் கதையில் வரும் மகள் படிக்காமல் போனது கடவுள் அவளுக்குக் கொடுத்த தண்டனை அன்று. அது தகப்பன் குடித்த காசின் விலை.

ஆதலால் துன்பத்தைக் கண்டவுடனே 'இது யார் செய்த பாவம்?' என்று விரல் நீட்டக்கூடாது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமே அல்லர் என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குடிகாரக் கணவனிடம் அடிபட்ட மனைவி, 'நான் முன் செய்த பாவம்' என்று தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

கடையை வைத்தவர்கள் யார்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. குடித்தவன் மட்டுமா குற்றவாளி? வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் கள்ளுக்கடை அரசாங்க அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. ஒரு கையில் கொடுத்த கூலி மறு கையில் திரும்பிப் போயிற்று. இதை நம் கெடா மக்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. காவல்துறையோடு மோதல்கள் நேர்ந்தன. பலர் சிறைக்குப் போனார்கள். தங்கள் பிள்ளைகளின் சோறு எங்கே போகிறது என்பதை அந்த மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆகவே பாவம் என்பது தனி மனிதனோடு முடிவதில்லை. பிறருடைய பலவீனத்தில் ஆதாயம் தேடுவதும் பாவமே. ஆயினும் மனந்திரும்புகிறவன் 'கடை வைத்தவன்தான் காரணம்' என்று சொல்லி நின்றுவிட முடியாது. கடையை வைத்தது வேறொருவராக இருக்கலாம். குவளையை எடுத்தது என் கை என்று சொல்லுமிடத்தில்தான் மனந்திரும்புதல் தொடங்குகிறது.

மன்னிப்பைப் பெறும் வழி

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்குரிய சடங்கைப் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. பழைய ஞானோபதேசத்தில் இதற்குப் படிகள் சொல்லியிருக்கும்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவானவரிடம் சொல்லுவது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. கடைசியில் வரும் அபராதத்தைக் கவனியுங்கள். மன்னிப்பு கிடைத்த பிறகும் செய்யவேண்டியது ஒன்று மீதி இருக்கிறது என்பதை அது நினைவூட்டுகிறது. அது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அன்று. புண்ணுக்கு இடும் மருந்து.

மெதடிஸ்டு, லுத்தரன், ஆங்கிலிக்கன் முதலிய சபைகளில் பொது ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வது வழக்கம். தனிமையில் கடவுளிடம் முறையிடுவதும், விரும்பினால் போதகரிடம் மனம் திறப்பதும் உண்டு. மன்னிப்பு முற்றிலும் கிருபையினால், விசுவாசத்தின் மூலம் வருகிறது என்று இவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். 1517இல் மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதே. சபைகளுக்குள் முறைகளும் விளக்கங்களும் வேறுபட்டாலும் ஒரு காரியத்தில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். மன்னிப்பு மனிதன் சம்பாதிக்கும் கூலி அன்று. கிறிஸ்துவின் சிலுவை மரணத்தின் பொருட்டுக் கடவுள் இலவசமாகக் கொடுப்பது அது.

ஜூலை 26ஆம் நாளை ஒட்டி, கூலிமுக்கு அருகே எல்லை தாண்டியிருக்கும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு எத்தனையோ குடும்பங்கள் போகின்றன. 2019இல் அந்த ஆலயம் சிறிய பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கும் கூட்டத்தில், ஊருக்குத் தெரியாத பாரத்தை இறக்கி வைக்க வந்தவர்களும் இருப்பார்கள். இறக்கி வைக்கவேண்டியது குற்றப் பாரம். வீடு திரும்பிய மறுநாள் காலையில், சேதம் அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும். அதைக் கண்டு, 'என் மன்னிப்பு பலிக்கவில்லை' என்று மனம் தளரக்கூடாது.

திரும்பி வந்த மகன்

ஊதாரி மகன் உவமையைச் சமயம் கடந்து எல்லாரும் அறிவார்கள். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசியோடு திரும்புகிறான் இளையவன். தகப்பன் ஓடிப்போய்க் கட்டித் தழுவுகிறார். உயர்ந்த ஆடை, மோதிரம், செருப்பு, விருந்து எல்லாம் கிடைக்கின்றன.

ஆனால் கதையின் முடிவை நாம் கவனிக்கத் தவறுகிறோம். கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்தவனிடம், தன்னிடம் உள்ளவை எல்லாம் அவனுடையவையே என்று தகப்பன் உறுதி சொல்லுகிறார். அப்படியானால், இளையவன் அழித்த பங்கு திரும்பி வரவில்லை! மகன் என்ற இடம் திரும்பக் கிடைத்தது. செலவழித்த சொத்து கிடைக்கவில்லை. நாளைக் காலையில் அவன் அண்ணனோடு வயலுக்குப் போய், அண்ணனுடைய கசப்பையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்யவேண்டும். கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்தவன், இப்போது மகனாக அந்த வேலையைச் செய்கிறான். மன்னிப்பு உண்டாக்கும் வித்தியாசம் இதுதான். வேலை அதேதான், செய்கிறவன் அனாதை அல்லன்.

ஈடு செய்தல்

சரி, அந்தக் கிழவர் இனி என்ன செய்யலாம்? ஈரலைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். குடியால் ஈரலில் கொழுப்பு சேர்ந்த நிலையில் குடியை நிறுத்தினால், பெரும்பாலும் ஈரல் தேறிவிடும். முற்றித் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் பழைய நிலைக்கு வருவது அரிது. ஆனால் அப்போதும் குடியை நிறுத்துவது வீணன்று. மேலும் கெடாமல் காத்து ஆயுளை நீட்டுகிறது. பாவத்தின் சேதமும் இவ்வாறே. சில தேறும். சில தேறா. எது எந்த வகை என்று பார்த்துச் செயல்படவேண்டும்.

எரிகோ நகரத்து வரி வசூலிப்பவன் சகேயுவின் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகச் சென்றார். திருந்திய சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். இயேசு அவன் வீட்டுக்கு வந்தது அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததனால் அன்று. அவர் வந்ததனால் அவன் திருப்பிக் கொடுத்தான். இந்த வரிசையை மாற்றிவிடக்கூடாது.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீளத் துடித்த பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இருவர் தொடங்கிய குடிநோயாளர் சங்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் இதைப் பற்றியவை. யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதவேண்டும். முடிந்தவரை நேரில் ஈடு செய்யவேண்டும். ஆனால் அப்படிச் செய்வதே அவர்களையோ மற்றவரையோ காயப்படுத்துமானால் விலகியிருக்கவேண்டும்.

நம் கிழவர் மகளிடம் போய், 'தாயி, உன்னைப் படிக்கவிடாமல் செய்தது நான்தான். காசில்லை என்று அன்று சொன்னேன். காசு இருந்தது, நான் குடித்தேன்' என்று சொல்லலாம். சாக்கு எதுவும் சேர்க்காமல் சொல்லவேண்டும். பேரப்பிள்ளையின் பஸ் காசைத் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கலாம். மகளுக்கு விருப்பமிருந்தால், மாலையில் உட்கார்ந்து எழுத்துக் கற்கத் துணை நிற்கலாம். பேத்தியே ஆசிரியையாக இருந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நாற்பது வயது கல்விக்குப் பிந்திய வயது அன்று.

ஆனால் அவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. 'ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ யார் மன்னிக்காமல் இருக்க?' என்று கேட்கக்கூடாது. கடவுள் கொடுத்த மன்னிப்பு மற்றவரிடம் காட்டி வசூலிக்கும் ரசீது அன்று. மன்னிக்கும்படி இயேசு எல்லாருக்கும் கற்பித்தது உண்மை. ஆயினும் காயப்பட்ட மகள் தன் நேரத்தில், தன் மனத்தோடு போராடித்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும். மன்னித்தாலும், ஆபத்தான ஒருவரோடு ஒரே வீட்டில் வாழவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்னொன்று. தாவீதின் மகன் அம்னோன் கொடிய பாவம் செய்தபோது, தாவீது கோபப்பட்டானே ஒழிய ஒன்றும் செய்யவில்லை என்று படிக்கிறோம். தன் பழைய குற்றமே அவன் வாயைக் கட்டிப்போட்டதோ என்னவோ! 'நானே குடித்தவன், என் மகனை எப்படிக் கண்டிப்பேன்?' என்று பேசாமல் இருந்துவிடும் தகப்பன்மார் நம்மிடையே உண்டு. மன்னிப்புப் பெற்றவன் பேசவேண்டும். 'நான் விழுந்த குழி இது. நீ விழாதே' என்று சொல்ல அவனைவிடத் தகுதியுள்ளவன் யார்?

ஈடு செய்ய முடியாதபோது

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் 1725இல் பிறந்தவர். அடிமை வியாபாரக் கப்பல்களில் வேலை செய்தவர். 1748இல் கடும் புயலில் சிக்கியபோது கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அதுவே தம் மனமாற்றத்தின் தொடக்கம் என்று பின்னர் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகும், 1754 வரை, அடிமைகளை ஏற்றும் கப்பலுக்குத் தலைவராகவே இருந்தார். மனமாற்றம் ஒரே இரவில் கண்களை முழுவதும் திறந்துவிடுவதில்லை. 1764இல் குருவானவரானார். 1788இல்தான் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளையும் அதில் தமக்கிருந்த பங்கையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஒரு நூல் வெளியிட்டார்.

அவர் கடல் கடத்தி விற்றவர்களை அவரால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. பிரிந்த தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைக்க முடியவில்லை. ஆனால் தம் கண்ணால் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார். அந்தச் சாட்சி அவ்வியாபாரத்தை ஒழிக்கப் போராடியவர்களுக்குப் பெரும் துணையாயிற்று. 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் நியூட்டன் காலமானார். திருப்பிக் கொடுக்க முடியாதவனும், இனிமேல் நடப்பதைத் தடுக்க முடியும்.

முடிவாக

அன்பு நேயர்களே, நாம் அறிந்த தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். இடம் மாறினாலும் பழைய காயம் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்காக வெட்கப்பட்டு ஒளியவேண்டாம்.

காயம் பட்ட மரத்தைத் தோட்டத்தில் யாரும் உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. முண்டு இருக்கும் இடத்தில் கத்தியைப் பதமாக நடத்தி, அதிலிருந்தும் பால் எடுப்பார்கள். நம் கிழவரும் அப்படித்தான் மீதி நாள்களை நடத்தவேண்டும். மகள் கையில் அடுத்த முறை கடிதம் வரும்போது, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் போய் உட்காரட்டும். கடவுள் தம்மைக் கைவிட்டதற்கு அடையாளமாக அந்தக் கடிதத்தைப் பார்க்கவேண்டாம். மன்னிக்கப்பட்ட ஒரு தகப்பன் இன்று செய்யவேண்டிய வேலை அது.